பசித்த எலும்பு

1

அம்மா கீழே விழவில்லை. இதை நான் அப்போது நிறைய பேரிடம் விளக்க வேண்டியிருந்தது. கொல்லைப்புறப் படியில் இறங்கும்போது கால் லேசாகப் பிசகியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நின்ற நிலையிலேயே தொடை எலும்பு முறிந்தது. “மளுக்குன்னு சத்தம் கேட்டுச்சுடா, முருங்கைக் கிளை ஒடியிற மாதிரி” என்றாள். அப்போது அவளுக்கு 57 வயது.

எலும்பு மருத்துவர் நல்ல மனிதர். பொறுமையாகப் பேசினார். “இந்த வயசுல லேடீஸுக்கு இது சகஜம்தான் தம்பி. எலும்புல சத்து இல்ல” என்று சொல்லி, கம்பி வைத்து, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடங்களுக்கு முன்பு தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது மணிக்கட்டு முறிந்தது. அப்போதும் இதே விளக்கம், இதே மாத்திரை. இடையில் இரண்டு முறை சிறுநீரகக் கல். அதற்கு வாழைத்தண்டுச் சாறு குடித்தாள். எலும்புக்கு ஒரு மருத்துவர், கல்லுக்கு ஒரு மருத்துவர், இரண்டுக்கும் தனித்தனி ஃபைல்.

காப்பீட்டுப் பணத்துக்கு விண்ணப்பிக்க, அந்த ஃபைல்களில் இருந்த காகிதங்களை ஓர் இரவு ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கால்சியம் 11.8 என்று இருந்தது. பக்கத்தில் ‘ஹெச்’ என்று ஒற்றை எழுத்து, அதாவது ‘ஹை’. இரண்டு வருடங்களுக்கு முந்தைய அறிக்கையை எடுத்தேன். 11.3. அங்கேயும் அதே எழுத்து. இயல்பான அளவு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 வரை என்று அச்சிட்டே இருந்தது.

எலும்பில் சத்து இல்லை என்கிறார்கள். ரத்தத்திலோ அதே சத்து வேண்டியதற்கும் அதிகமாக இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே உடம்பில்? சர்வர் லாக்குகளில் ஒரு தப்பான எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்த முதல் அறிக்கையை வாங்கி ஃபைலில் போட்டவனும் நான்தான்.

மருத்துவம் படித்த நண்பனைக் கூப்பிட்டேன். எண்ணைக் கேட்டதும் “பி.டி.எச். பாருடா, நாளைக்கே” என்றான். பாராதைராய்டு ஹார்மோன். பார்த்தோம். இயல்பின் உச்ச வரம்பைப்போல நான்கு மடங்கு இருந்தது.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைக்க மூன்று வாரமானது. அந்த மூன்று வாரமும் இந்தச் சுரப்பியின் வரலாற்றைப் படித்தேன். பயத்தில் படித்தேன் என்பதுதான் உண்மை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படும்போது, எது எதற்குக் காரணம்?

2

பாராதைராய்டு சுரப்பிகள் பொதுவாக நான்கு. கழுத்தில், தைராய்டின் பின்புறம், பக்கத்துக்கு இரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பருப்பளவுதான். சுற்றியுள்ள கொழுப்பின் நிறத்திலேயே இருப்பதால் எளிதில் கண்ணில் படாது.

இவற்றை முதலில் பார்த்து எழுதி வைத்தவர் பிரிட்டிஷ் உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன். அவர் பார்த்தது மனிதனில் அல்ல. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகம் 1849இல் இறந்தது. அதை அறுத்து ஆராய்ந்தபோது, தைராய்டோடு ஒட்டியிருந்த சிறிய மஞ்சள் நிறச் சுரப்பி ஒன்றைக் குறித்தார். அந்தப் பெரிய உடம்பின் விவரிப்பில் அது ஒரே ஒரு வரி. யாரும் கவனிக்கவில்லை.

மனிதனில் கண்டது ஸ்வீடன் நாட்டின் உப்சாலாவில் படித்துக்கொண்டிருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்கிற மருத்துவ மாணவர். 1877இல் ஒரு நாயின் கழுத்தில் அந்தச் சிறு உருண்டையைப் பார்த்தார். பிறகு 50 மனித உடல்களில் தேடினார். 1880இல் ஸ்வீடிஷ் மொழியில் கட்டுரை வெளியிட்டு, இவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயரும் வைத்தார். மனித உடம்பின் உறுப்புகளில் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை இவை என்று சொல்வதுண்டு. அது என்ன வேலை செய்கிறது என்று சாண்ட்ஸ்ட்ரோமுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் இருக்கவும் இல்லை. மன அழுத்தத்தோடு போராடி, 1889இல் 37 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1891இல், பிரான்ஸில் யூஜீன் கிளே விலங்குகளில் இந்தச் சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். அவற்றுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது, தசைகள் இறுகின, இறந்தன. தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சில நோயாளிகளுக்கு இதே இழுப்பு வந்ததை மருத்துவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். தைராய்டோடு சேர்த்து இந்தப் பருப்புகளையும் தெரியாமல் எடுத்துவிட்டிருந்தார்கள். 1909இல் அமெரிக்காவில் மெக்காலமும் வோக்ட்லினும், சுரப்பி போனால் ரத்தத்தில் கால்சியம் குறைகிறது, கால்சியம் கொடுத்தால் இழுப்பு நிற்கிறது என்று காட்டினார்கள்.

ஆக, இந்தச் சுரப்பியை உலகம் முதலில் தெரிந்துகொண்டது அது இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதைக் கொண்டுதான். இல்லாவிட்டால் சாவு. அப்படியானால் இருப்பது நல்லது, கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. இப்படி நினைப்பது ரொம்ப இயல்பு. அடுத்து நடந்த தவறுக்கு இந்த நினைப்புதான் அடித்தளம்.

3

கிளே பரிசோதனை செய்த அதே 1891இல், ஜெர்மானிய நோயியலாளர் ஃபிரீட்ரிஷ் ஃபான் ரெக்லிங்ஹவுசன் ஒரு விசித்திரமான எலும்பு நோயை விவரித்தார். எலும்புகள் மென்மையாகி வளைகின்றன. உள்ளே எலும்புக்குப் பதில் நார்த்திசு, ஆங்காங்கே நீர்க்கட்டிகள். சின்ன அசைவுக்கே முறிகின்றன. அந்தக் கட்டுரையில் பாராதைராய்டு பற்றி ஒரு சொல் கிடையாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் வியன்னாவின் ஜேக்கப் எர்ட்ஹைம். 1906 வாக்கில், எலும்பு மென்மையாகி இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது பாராதைராய்டு சுரப்பிகள் பெருத்திருப்பதைக் கண்டார். அவர் சொன்ன விளக்கம் இது: எலும்பு கால்சியத்தை இழக்கிறது, அதை ஈடுகட்டப் பாராதைராய்டு கூடுதலாக உழைக்கிறது, உழைத்து உழைத்துப் பெருக்கிறது. எலும்பு நோய் காரணம், சுரப்பி வீக்கம் விளைவு.

எர்ட்ஹைமை முட்டாளாகக் காட்டுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. அவர் பார்த்த நோயாளிகளில் பலருக்கு அவர் சொன்னது சரி. வைட்டமின் டி போதாமல் எலும்பு மென்மையாகும்போது, ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கிறது. அதைத் தடுக்கச் சுரப்பிகள் உண்மையிலேயே பெருக்கின்றன. இன்றும் மருத்துவம் அதை ஏற்கிறது. ஒரு கூட்டத்துக்குச் சரியான விளக்கத்தை எல்லோருக்கும் பொருத்தியதுதான் பிரச்சினை.

1915இல் வியன்னாவிலேயே ஃபிரீட்ரிஷ் ஷ்லாகன்ஹௌஃபர் என்பவர் ஒரு எளிய கேள்வியை எழுப்பினார். எலும்பு நோயை ஈடுகட்டத்தான் சுரப்பி பெருக்கிறது என்றால், நான்கும் அல்லவா பெருக்க வேண்டும்? சிலரிடம் ஒன்று மட்டும் கட்டியாக இருக்கிறதே, ஏன்? அப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஒன்றை வெட்டி எடுத்துப் பார்க்கலாமே என்றார்.

இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வேலையில் இது தினசரி நடப்பது. நான்கு சர்வர்கள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்கின்றன. வெளியிலிருந்து வரும் சுமை அதிகமானால் நான்கும் திணற வேண்டும். ஒன்று மட்டும் திணறினால், கோளாறு அந்த ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது. இவ்வளவு சுத்தமான தர்க்கத்தை வியன்னா பத்து வருடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

4

அந்தப் பத்தாவது வருடத்தில் வருகிறார் ஒரு டிராம் நடத்துநர். மருத்துவ இலக்கியத்தில் அவர் பெயர் ஆல்பர்ட் ஜே. வயது 34. சில வருடங்களாகக் கால்களிலும் இடுப்பிலும் வலி. வேலை செய்ய முடியாமல் போனது. 1924இன் இறுதியில் தொடை எலும்பு முறிந்தது. எக்ஸ்ரேயில் ரெக்லிங்ஹவுசன் விவரித்த அதே எலும்புகள்.

சிகிச்சை செய்தவர் ஃபெலிக்ஸ் மாண்டல் என்கிற இளம் அறுவை மருத்துவர். எர்ட்ஹைமின் நகரத்தில் படித்தவர், அதனால் எர்ட்ஹைமின் வழியிலேயே யோசித்தார். சுரப்பியால் ஈடுகட்ட முடியவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் கொடுப்போம். முதலில் பாராதைராய்டு சாரத்தைக் கொடுத்தார். பலனில்லை. பிறகு, விபத்தில் இறந்த ஒருவரின் பாராதைராய்டுகளை எடுத்து ஆல்பர்ட்டின் உடம்பில் ஒட்டவைத்தார்.

யோசித்துப் பாருங்கள். தன் சொந்தச் சுரப்பி ஒன்று அளவுக்கு மீறிச் சுரந்ததால் எலும்பு கரைந்துகொண்டிருந்த மனிதனுக்கு, மேலும் சுரப்பி.

அதுவும் பலிக்கவில்லை. இந்த இடத்தில்தான் மாண்டல் மேல் எனக்கு மரியாதை வருகிறது. இன்னும் போதவில்லை, இன்னொரு முறை ஒட்டலாம் என்று போயிருக்கலாம். நோயாளியின் உடம்பு பலவீனம் என்று எழுதி மூடியிருக்கலாம். தோல்வியுற்ற அந்தச் சிகிச்சையையே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார். கொடுத்தும் குணமாகவில்லை என்றால், அம்புக்குறி எதிர்ப்பக்கம் பார்க்கிறதோ?

1925 ஜூலை 30. ஆல்பர்ட்டின் கழுத்தைத் திறந்து தேடினார். ஒரு பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பாராதைராய்டு கட்டி இருந்தது. எடுத்தார். சிறுநீரில் வெளியேறிக்கொண்டிருந்த கால்சியம் சில நாட்களிலேயே குறைந்தது. வலி குறைந்தது. சில மாதங்களில் அந்த மனிதர் ஊன்றுகோலோடு நடந்தார்.

இதற்குப் பின்னால் இருக்கும் இயக்கம் இன்று தெளிவாகவே தெரியும். நம் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பில். மிச்சமிருக்கும் துளியூண்டுதான் இதயம் துடிக்க, தசை சுருங்க, நரம்பு பேச உதவுகிறது. அந்தத் துளியின் அளவு மாறக் கூடாது. ஆகவே உடம்பு எலும்பை ஒரு பத்தாயமாக வைத்திருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் பாராதைராய்டு ஹார்மோன் வந்து பத்தாயத்தைத் திறக்கும். எலும்பை அரிக்கும் செல்கள் வேலையைத் தொடங்கும். ரத்தத்தில் அளவு ஏறியதும் சுரப்பி அடங்கிவிடும். கட்டி வந்த சுரப்பிக்கு இந்த அடங்குதல் போய்விடுகிறது. வீடு நிறைந்து வழிந்தாலும் பத்தாயத்திலிருந்து நெல்லை அள்ளிக்கொண்டே இருக்கும். எலும்பு மெலியும், ரத்தத்தில் கால்சியம் ஏறும், மிஞ்சியது சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். முறிந்த எலும்பு, கல், ரத்தத்தில் ‘ஹெச்’: அம்மாவின் இரண்டு ஃபைலும் ஒரே கதைதான்.

ஆல்பர்ட்டின் கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. சில வருடங்களில் நோய் திரும்பியது. 1933இல் மீண்டும் கழுத்தைத் திறந்தார்கள், எதுவும் அகப்படவில்லை. 1936இல் அவர் இறந்தார். மாண்டல் யூதர். 1938இல் வியன்னாவை விட்டு ஜெருசலேமுக்குப் போக வேண்டியிருந்தது. போருக்குப் பிறகு 1947இல் திரும்பி வந்தார்.

5

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு உடம்பு கரைந்துகொண்டிருந்தது. சார்லஸ் மார்ட்டெல், அமெரிக்க வணிகக் கப்பல் ஒன்றின் கேப்டன். 1918இல் அவர் உயரம் 6 அடி 1 அங்குலம். 1926இல் மருத்துவமனைக்கு வந்தபோது 7 அங்குலம் குறைந்திருந்தார். முதுகெலும்புகள் நசுங்கி, நெஞ்சு குறுகி, திரும்பத் திரும்ப எலும்பு முறிந்து, ஒரு மனிதன் தனக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தான்.

அப்போது கனடாவில் ஜேம்ஸ் காலிப், வீரியமுள்ள பாராதைராய்டு சாரத்தைப் பிரித்தெடுத்திருந்தார். அதை நாய்களுக்கு அதிகமாகக் கொடுத்தால் ரத்தக் கால்சியம் தாறுமாறாக ஏறியது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மார்ட்டெலைப் பார்த்த யூஜீன் டுபாய்ஸ், இந்த மனிதரின் ரத்தமும் அந்த நாய்களின் ரத்தம் போலத்தான் இருக்கிறது என்று யோசித்தார். வியன்னாவைப் போலப் பிணங்களைப் பார்த்து வந்த முடிவு அல்ல இது. உயிரோடிருக்கும் மனிதனின் ரத்தத்தைப் பார்த்தே நோயைச் சொன்னார்.

மார்ட்டெல் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1926இல் இரண்டு முறை கழுத்தைத் திறந்தார்கள். கட்டி கிடைக்கவில்லை. பிறகு நியூயார்க்கில் ஒரு முறை. கிடைக்கவில்லை. இதற்கிடையே 1928இல் செயின்ட் லூயிஸில் ஐசக் ஓல்ச் வேறொரு நோயாளியின் கட்டியை அகற்றினார். அமெரிக்காவின் முதல் வெற்றி அது. மார்ட்டெலின் கட்டியை மட்டும் காணோம்.

1932இல் எட்வர்டு சர்ச்சிலும் ஆலிவர் கோப்பும் பொறுப்பேற்றார்கள். இளைஞரான கோப், முதலில் சடலங்களில் இந்தச் சுரப்பியைத் தேடிப் பழகினார். கொழுப்புக்கும் சுரப்பிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே. மறுபடியும் கழுத்தைத் திறந்தார்கள். மொத்தம் ஆறு அறுவைச் சிகிச்சைகள் தோற்றன.

மார்ட்டெல் சும்மா படுத்திருக்கவில்லை. ஹார்வர்டு நூலகத்தில் உடற்கூறியல் புத்தகங்களைப் படித்தார். கரு உருவாகும்போது கீழ்ப் பாராதைராய்டுகள் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து இறங்கி வருகின்றன. பாதி வழியில் கழுத்தில் நிற்க வேண்டியது, சில சமயம் நிற்காமல் தைமஸோடு நெஞ்சுக்குள் போய்விடும். கழுத்தில் இல்லையென்றால் நெஞ்சில் தேடுங்கள் என்று நோயாளியே வலியுறுத்தினார். கடல் வரைபடம் பார்த்துப் பழகிய கண்.

1932 நவம்பர் 2. ஏழாவது அறுவைச் சிகிச்சை. மார்பெலும்பைப் பிளந்தார்கள். அங்கேதான் இருந்தது, 3 சென்டிமீட்டர் கட்டி. திடீரென்று கால்சியம் சரிந்துவிடும் என்று அஞ்சி, ரத்த ஓட்டத்தோடு ஒரு சிறு துண்டை மட்டும் விட்டு மற்றதை எடுத்தார்கள்.

ஆறு வாரம் கழித்து, சிறுநீர்க் குழாயில் சிக்கிய கல்லுக்காகச் செய்த சிகிச்சையைத் தொடர்ந்து மார்ட்டெல் இறந்தார். சிறுநீரகங்களை அந்த ஆறு வருடங்கள் ஏற்கெனவே தின்றிருந்தன.

6

மார்ட்டெலைக் கவனித்த மருத்துவர்களில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்பவரும் ஒருவர். அந்தக் கற்களை அவர் மறக்கவில்லை. எலும்பு முறியும் வரை காத்திருக்க வேண்டாம், கல்லோடு வருகிறவர்களின் ரத்தத்தைப் பாருங்கள் என்றார். பார்த்தார்கள். 1934இல் ஒரே இடத்திலிருந்து 17 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அபூர்வமென்று நினைத்த நோய் அவ்வளவு அபூர்வமில்லை. 1970களில் ரத்தத்தைத் தானாகவே சோதிக்கும் இயந்திரங்கள் மருத்துவமனைகளுக்கு வந்து, கேட்காமலேயே கால்சியத்தையும் அச்சிட்டுக் கொடுக்கத் தொடங்கின. மேலை நாடுகளில் இன்று இந்த நோய் பெரும்பாலும் எலும்பு முறியும் முன்பே, ஒரு காகிதத்தில் உள்ள எண்ணாகவே பிடிபடுகிறது. இந்தியாவிலிருந்து வரும் மருத்துவக் கட்டுரைகளில் இன்னமும் முறிந்த எலும்போடும் கல்லோடும் வருகிறவர்கள் அதிகம்.

அம்மாவின் காகிதத்திலும் இயந்திரம் தன் வேலையைச் செய்திருந்தது. ‘ஹெச்’ என்று சரியாகவே அச்சிட்டிருந்தது. படிக்க ஆள் இல்லை. வயதான பெண்ணின் எலும்பு முறிந்தால் வயசுதான் காரணம் என்கிற விளக்கம் பத்தில் எட்டுப் பேருக்குச் சரியாக இருக்கலாம். எர்ட்ஹைமின் விளக்கமும் அப்படித்தான் பலருக்குச் சரியாக இருந்தது. சரியாக இருப்பதாலேயே அதைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை.

அறுவைச் சிகிச்சை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஸ்கேனில் கட்டி இருக்கும் இடம் முன்பே தெரிந்திருந்தது. கழுத்தில் ஒரு சின்ன வெட்டுதான். மார்ட்டெலுக்கு ஏழு முறை. வெளியே வந்த மருத்துவர் ஒரு சிறு குப்பியைக் காட்டினார். சுண்டைக்காய் அளவில், பழுப்பாக, ஏதோ கிடந்தது. இதுவா குடத்தைத் தூக்கிய கையை ஒடித்தது?

அன்று ராத்திரி அம்மா எழுப்பினாள். “உதட்டச் சுத்தி மரமரன்னு இருக்குடா. விரலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி.” நர்ஸ் ஓடி வந்து ரத்தம் எடுத்தார். கால்சியம் 7.4. கிளேவின் விலங்குகள் நினைவுக்கு வந்து எனக்குக் கை நடுங்கியது. நர்ஸ் பதறவில்லை. “எதிர்பார்த்ததுதான் சார்” என்று நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்ற ஆரம்பித்தார்.

மருத்துவப் புத்தகங்களில் இந்த நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது: பசித்த எலும்பு. பல வருடம் கொள்ளை போன எலும்பு, கொள்ளை நின்றதும் ரத்தத்தில் இருப்பதையெல்லாம் வாரி வாரி இழுத்துக்கொள்கிறது. இரண்டு வருடம் அம்மா விழுங்கிய கால்சியம் மாத்திரைகள் அவள் எலும்பைக் காப்பாற்றவில்லை. இப்போது அதே மாத்திரைகள், அதைவிட அதிக அளவில், வைட்டமின் டி-யோடு சேர்த்து, வேளை தவறாமல் தேவைப்பட்டன. மருந்து அதேதான், அம்புக்குறி திரும்பியிருந்தது.

விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப எலும்பு இப்பதான் சாப்புட உக்காந்துருக்குன்னு சொல்லு” என்றாள்.

அந்தப் பழைய அறிக்கையைப் பற்றியும் சொன்னேன். 11.3. இரண்டு வருடம் முன்பே நான் அதை வாங்கினேன், பார்க்கவில்லை, பார்த்திருந்தால் தொடை முறிந்திருக்காது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கால்சியம் சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் காயிதத்த தூக்கிப் போட்றாத” என்றாள். “பக்கத்து வீட்டு அத்தைக்கும் ரெண்டு தடவ கல்லு வந்துச்சு. அவ ஃபைலயும் ஒரு தடவ பாரு.”